லோக்கல் என்று ஒரு ஃபோல்டர்

சௌந்தரபாண்டியனுக்குச் சுத்தம் என்றால் உயிர். கோவில்பட்டியில் மாடியில் இருந்த அந்த டிராயிங் ஆபீசுக்கு மேனேஜர் அவர், சாவி அவரிடம், காலையில் சாம்பிராணி போடுவதும் அவர். ஆபீசில் ஆளே இரண்டு பேர்தான். ஒரு கம்ப்யூட்டரில் அவர் லெட்டர் அடிப்பார், இன்னொன்றில் முத்துச்செல்வி படம் வரைவாள்.

முத்துச்செல்வி புதூர்க்காரி. மூன்று வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கி, அந்தக் கூலியில் ஐ.டி.ஐ. படித்து, டிராஃப்ட்ஸ்மேன் சர்டிபிகேட் வாங்கியவள். ஆபீசை நடத்திய கோயம்புத்தூர் கம்பெனி அவளை ஆறு மாதம் ட்ரயலில் எடுத்திருந்தது. பெட்டி ஒட்டும் பழைய மெஷின் ஒன்றை அளந்து, அறுபத்து மூன்று பாகத்தையும் வரைந்து கொடுத்தால் வேலை நிரந்தரம். கொடுக்காவிட்டால் மறுபடியும் கட்டை அடுக்கத்தான் போக வேண்டும். "செத்தாலும் அங்கன போகமாட்டேன் அண்ணாச்சி" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

படமெல்லாம் கோயம்புத்தூர் சர்வரில் இருக்கும். வேண்டியதை எடுத்தால் அதற்கு ஒரு நகல் இங்கே இவர்கள் டிஸ்க்கில் வந்து உட்காரும். அதில் வேலை செய்து, முடித்ததும் திரும்ப அங்கே ஏற்ற வேண்டும். நகல் உட்காரும் ஃபோல்டருக்கு 'லோக்கல் கேஷ்' என்று பெயர். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று ஒருமுறை சௌந்தரபாண்டியன் போன் போட்டபோது, கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஹரி என்ற பையன் வழி சொன்னான்.

"லோக்கல் ஃபோல்டரை காலி பண்ணிருங்க சார். ஒரிஜினல் எல்லாம் இங்க பத்திரமா இருக்கு."

லோக்கல்! கோவில்பட்டி கடைத்தெருவில் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை என்று சொல்லவா வேண்டும்? லோக்கல் பேட்டரி, லோக்கல் செருப்பு. இரண்டு நாள் தாங்காத சரக்கு. 'பேர்லயே லோக்கல்னு எழுதி வச்சிருக்கான், அதப் போயி எவன் பத்திரப்படுத்துவான்' என்று சௌந்தரபாண்டியன் மனதில் முடிவு கட்டிவிட்டார். மூன்று தடவை காலி செய்தார். ஒரு குறையும் வரவில்லை. நாலாவது தடவைதான் வினை.

2005 ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்பு, ரோடு தோண்டியவர்கள் டெலிபோன் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். கோயம்புத்தூரோடு தொடர்பு அறுந்தது. அளவெடுப்பு முடிந்து முத்துச்செல்வி வரைய உட்கார்ந்ததே அப்போதுதான், அவள் கை ஓயவில்லை. அளவெடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாக வரைந்து முடித்தாள். சேவ் கொடுத்தால் சேவ் ஆனது. எங்கே? அந்த லோக்கல் ஃபோல்டரில்தான்.

"லைன் வந்ததும் மொத்தமா ஏத்தணும் அண்ணாச்சி" என்றாள்.

"ஏத்திருவோம்" என்றார் அவர், நிலைப்படியில் மாவிலை கட்டிக்கொண்டே. காதில் விழுந்தது, மண்டையில் விழவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் ஆபீசையே புரட்டிப் போட்டார்கள். படம்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்று, அளவெடுத்த தாள்களை முத்துச்செல்வியே கிழித்து, அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பூஜைப் பொரிக்குக் கூம்பு சுற்றிக் கொடுத்தாள். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். சௌந்தரபாண்டியன் ஜன்னல் துடைத்தார், ஃபேன் துடைத்தார், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். அப்புறம் ஒரு யோசனை வந்தது. வெளியே இத்தனை சுத்தம், உள்ளே இருக்கிற குப்பையை யார் கூட்டுவது?

கூட்டினார். லோக்கல் காலி. கூட்டினால் போதுமா, துடைக்க வேண்டாமா? கம்ப்யூட்டரில் அதற்கும் ஒரு வசதி இருந்தது. சிதறிக் கிடக்கிறதை எல்லாம் நகர்த்தி நகர்த்தி ஒழுங்காக அடுக்கித் தரும். கலர் கலராகக் கட்டங்கள் ஊர்ந்து வரிசையாவதை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரசித்தார் மனுஷர். பிறகு மானிட்டருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

பூஜை முடிந்து வியாழக்கிழமை காலையில் லைன் வந்துவிட்டது. முத்துச்செல்வி சிஸ்டத்தைப் போட்டாள். ஃபோல்டரைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"அண்ணாச்சி, நம்ம லோக்கல் ஃபோல்டர்ல இருந்ததெல்லாம் எங்க?"

"அதக் காலி பண்ணித் தொடச்சு மூணு நாளாச்சே!" என்றார், பெருமையாக.

அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் மாவிலை கட்டும்போது கேட்ட வார்த்தை மண்டையில் விழுந்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! உடனே ஹரிக்குப் போன் போட்டார்.

"பதறாதீங்க சார். அழிச்ச இடத்துல வேற எதுவும் எழுதலைன்னா மீட்டுறலாம். அழிச்சதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"

"தொடச்சேன் தம்பி."

"என்னத்த?"

கலர் கட்டங்களைப் பற்றிச் சொன்னார். ஹரி மறுபடி ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். பிறகு, "அது அந்த இடத்துல எல்லாம் வேறதக் கொண்டுவந்து நிரப்பியிருக்கும் சார். இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

மறுபடி அளக்கலாம் என்றால் மெஷின் கிடையாது. அதை விற்று, போன வாரமே லாரியில் ஏற்றிக் குஜராத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பொரி கட்டிய தாள்கள்தான். சௌந்தரபாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். "அண்ணாச்சி, பூசைக்கு நாங்க குடுத்த பொரித்தாள் கெடக்கா?" என்று கேட்டவரை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். எடைக்கடை மாடசாமி கேலியே செய்தான். "ஏன், பொரியத் திருப்பிக் கேக்குதீகளோ?" சாக்கடை ஓரத்தில் குனிந்தும் பொறுக்கினார். மத்தியானம் வரைக்கும் அலைந்து கிடைத்தது நாலு தாள். நாலும் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிக் கிடந்தன. முத்துச்செல்வி அவற்றை வாங்கி மேஜையில் நீவி விரித்தாள்.

விஷயத்தை ஹரி சொல்லி, கம்பெனிப் பெரியவர் நந்தகோபால் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டபோது மணி இரண்டு. ட்ரயல் ஆட்களை வைப்பதும் அனுப்புவதும் அவர் கையில்தான்.

"சார், அழிச்சது நானு" என்று சௌந்தரபாண்டியன் முந்திக்கொண்டார். "அந்தப் பிள்ள மேல ஒரு தப்பும் கெடையாது. ராப்பகலா வரைஞ்சா. நான் கண்ணால பாத்தேன்."

"யார் அழிச்சாங்கங்கறது விஷயமே இல்லைங்க. சர்வருக்கு வராதது எங்க கணக்குல வரைஞ்சதே இல்லை. ட்ரயல் நாளையோட முடியுது. அவங்க பேர்ல ஒரு படம்கூட இல்லை. நான் எதைக் காட்டி நிரந்தரம் பண்றது?"

"அப்ப என்னைய வேலைய விட்டு எடுங்க சார். அவள விட்ருங்க."

"உங்களை எதுக்குங்க எடுக்கணும்? இடத்தை அவ்வளவு சுத்தமா வெச்சுக்கறீங்க." நந்தகோபால் கேலி செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னார். "திங்கக்கிழமை வேற ஆள் வராங்க. அந்த சிஸ்டத்தை முழுசா ஃபார்மேட் பண்ணி வெச்சிருங்க."

பழியைத் தலையில் ஏற்றிக்கொள்ள அவர் தயார், கொடுக்கத்தான் ஆள் இல்லை. சௌந்தரபாண்டியன் செல்போனில் எதிர்முனை பேசுவது தெருவுக்கே கேட்கும். முத்துச்செல்வி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"தாயி..." என்றார். ஐம்பது வயது ஆம்பளை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அழாதீங்க அண்ணாச்சி. நீங்க வேணும்னா செஞ்சிய?" அவள் டிபன் பாக்ஸைப் பையில் போட்டாள். "மூணு மணி பஸ்ஸுக்குப் போறேன். இன்னைக்கே போயிக் கணக்கப்பிள்ளைட்ட சொன்னாத்தான் நாளைக்குக் கட்டை குடுப்பாவ."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "உங்களுக்கு ஃபார்மேட் பண்ணத் தெரியாதுல்லா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் உட்காராமல் நின்றபடியே சி.டி.யைப் போட்டு, இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள். திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது.

"இதுல உள்ளது அம்புட்டும் அழிஞ்சிரும், சம்மதமான்னு கேக்குது. ஒய் அமுக்கணும் அண்ணாச்சி."

சௌந்தரபாண்டியனுக்குக் கை எழவில்லை. முத்துச்செல்வி கொஞ்ச நேரம் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று குனிந்து அவளே அமுக்கினாள்.