கண்ணை உறுத்தும் காப்பு

"சிவப்புக்குப் பக்கத்துல ஆரஞ்சை யாராவது கோப்பாங்களா?"

"நான் கோக்கறேன்."

"நடுவுல வெள்ளை எங்க? ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, பார்க்கவே கண்ணை உறுத்துது. உங்கம்மா உனக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தரலையா?"

"இல்லக்கா. ஆடு மேய்க்கத்தான் சொல்லித் தந்தாங்க."

சிலான்தோய் நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய எண்ணெய் டப்பாவை வெட்டி வளைத்த பட்டையில் பாசிமணிகளை வரிசையாகத் தைத்துக்கொண்டே போனாள். எதிரே நின்ற நொலாரி அவள் கணவனின் அண்ணன் மனைவி. சந்தைக்குப் புறப்பட்டு நின்றவள், போகிற போக்கில் வைதுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள்.

வையட்டும் என்றுதான் சிலான்தோய் இருந்தாள். வைகிறவள் தனக்குத் தா என்று கேட்க மாட்டாள்.

கேட்டால் கொடுக்க வேண்டும். அதுதான் அவள் தலைவலி. இல்லை என்று சொன்ன மசாய்ப் பெண்ணைப் பற்றி, அவள் ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்ச் சேருவதற்குள் ஊருணி முழுக்கப் பேச்சாகிவிடும். தோழி ரெசியாட்டோவுக்கென்று முதலில் ஒரு காப்பு செய்தாள். நீலமும் ஆரஞ்சும், நடுவே வெள்ளை, கொள்ளை அழகு. கணவனின் வயதொத்த செட்டுக்காரன் லெகிஷோன் டீ குடிக்க வந்தான், கையை நீட்டினான், போட்டுக்கொண்டு போனான். அடுத்து ஒரு கழுத்து வளையம். கடைசி முடிச்சுப் போடும்போது நொலாரி அக்கா தலையைக் குனிந்து, "மாட்டி விடு" என்றாள்.

பொருள் போனதுகூடப் பரவாயில்லை. பேர் போனதுதான் வயிற்றெரிச்சல். ஒருவருக்கொருவர் எதைக் கொடுத்தார்களோ அதன் பெயரால்தான் அதற்குப் பிறகு இருவரும் அழைத்துக்கொள்வார்கள். ஆடு கொடுத்தவர் ஆடு, பசு கொடுத்தவர் பசு. லெகிஷோன் சந்தை நடுவில் நின்று, "ஏ என் பாசி, சுகமா?" என்று கத்துகிறான். நொலாரி அக்கா உப்புக் கடன் கேட்கும்போதெல்லாம், "என் பாசில்ல நீ" என்று குழைகிறாள். சிறு பெண்ணாகச் சேர்ந்து மாடு ஓட்டிய ரெசியாட்டோ மட்டும் இன்னமும் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

"ஊரே உனக்குப் பாசி. நான் வெறும் ரெசியாட்டோ" என்று போன சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று அவள் கணவனோடு நரோக் நகரத்துக்குக் குடிபோகிறாள்.

அதனால்தான் சிலான்தோய் இந்த அலங்கோலத்தைத் தைத்தாள். எந்தக் கையும் நீளாத ஒரு காப்பு.

திட்டம் பலித்தது. வழியில் லெகிஷோன்கூடக் காப்பைப் பார்த்துவிட்டு, "கண்ணு வலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

வேன் நிற்கும் இடத்தில் ரெசியாட்டோ மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். காப்பைப் பார்த்தாள். சிலான்தோயைப் பார்த்தாள்.

"என் மேல என்னடி கோபம் உனக்கு?"

"வாயை மூடிட்டுக் கையை நீட்டு. நல்லா செஞ்சா எவளாவது புடுங்கிக்கறா. அதான் இப்படி."

ரெசியாட்டோ தோள் குலுங்கச் சிரித்தாள். "நரோக்ல இதைப் பார்த்துட்டு எங்க ஊர்ல ஊசியே கிடையாதுன்னு நெனச்சுக்குவாங்க."

"நெனச்சுக்கட்டும். போட்டுட்டு என்னைக் கூப்பிடு. ஒரு தடவை. நான் காதால கேக்கணும்."

ரெசியாட்டோவின் முன்கையில் ஏற்கெனவே இரண்டு வெள்ளைக் காப்புகள் இருந்தன. சிலான்தோய் புதியதை அவற்றுக்கு நடுவில் தள்ளிக் கொக்கியை மாட்டினாள். தைக்காமல் விட்ட வெள்ளை இரண்டு பக்கமும் வந்து நின்றுவிட்டது. சிவப்பும் ஆரஞ்சும் ஊதிவிட்ட கங்குபோலக் கனன்றன. இத்தனை நாளில் அவள் செய்ததிலேயே இதுதான் அழகு.

"சட்டைக் கையை இழுத்து விடுடி" என்றாள் அவசரமாக.

"எதுக்கு? நல்லாத்தான இருக்கு." ரெசியாட்டோ கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கூப்பிடுவதற்காக வாயைத் திறந்தாள்.

"அட, இது காலையில நான் பார்த்ததா?"

சர்க்கரைப் பையோடு நொலாரி அக்கா பின்னால் நின்றாள். பையைத் தரையில் வைத்தாள். ரெசியாட்டோவின் மணிக்கட்டை மெல்லப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெசியாட்டோ, தூரமாப் போற. உன் ஞாபகமா எனக்குன்னு எதுவுமில்ல. இதைக் கழட்டிக் குடும்மா."