கோவா மூட்டையின் மேல் முப்பத்திரண்டு பேர்

கவ்வாத்து மலையில் பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. செல்லசாமி குனிந்து, இடது கையால் தேயிலைக் கிளையை வளைத்துப் பிடித்து, வலது கையால் கத்தியை மேல்நோக்கி இழுத்தான். ஒரே வெட்டு. வெட்டுவாய் சாய்வாக, வழவழப்பாக இருக்கவேண்டும். பிசிறு தெரிந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார். அன்றைய சம்பளத்தில் பாதி போய்விடும்.

அடுத்த நிரையில் மூக்கன் வெட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஆள் சேந்துருச்சா?"

"இருபத்தெட்டு. முப்பது இல்லாம லொறி முதலாளி ஏத்தமாட்டேங்கிறாரு."

"எங்க வீட்டுல நாலு பேரு எழுதிக்கங்க."

"ஒம் மாமியாளையும் சேத்தா?"

"அது இல்லாம எப்புடி? ஆனா அது ஏறுனா லொறி மேட்டுல ஏறுமா, அதக் கேட்டுக்கங்க முதலாளிகிட்ட."

கீழ் நிரையில் யாரோ சிரித்தார்கள். கங்காணி அதட்டினான். கத்திகள் மறுபடி ஓடின.

கல்லுமலைத் தோட்டத்தில் மூன்று லயத்து வரிசைவீட்டுக்காரர்கள் சேர்ந்து கதிர்காமம் போவதாக முடிவாகியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் எல்லோரும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்கள். ஐந்தாவது வரை படித்தவன் என்பதால் அந்த மனுக்களை நிரப்பியது செல்லசாமிதான். பிறந்த இடம் என்ற கோட்டின்மேல் ஒவ்வொன்றிலும் தோட்டத்தின் பெயரை நிதானமாக எழுதினான். அதற்குப்பின் பதில் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் மனு தள்ளுபடியானவர்களின் பெயரைத் துரை செக்ரோலிலிருந்து, வேலைப் பதிவேட்டிலிருந்தே, எடுத்துவிட்டதாகப் பேச்சு வந்தது. அன்று இரவு செல்லசாமியின் மனைவி மீனம்மா ஒரு மஞ்சள் துணியில் சில்லறையை முடிந்து சாமிப்படத்தின் அடியில் வைத்தாள். பிரஜாவுரிமைக் கடிதாசி கிடைக்கவேண்டும் என்று கதிர்காமத்துச் சாமிக்கு நேர்ந்துகொண்டாள். மற்றப் பெண்களும் முடிந்தார்கள்.

ரயிலும் பஸ்ஸும் கட்டாது. தலவாக்கலைக் கடைவீதியில் தங்கவேலு முதலாளியின் லொறி வெள்ளிதோறும் கோவா என்கிற முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு திசமகராமப் பக்கம் இறங்கும். செல்லசாமி இரண்டு ஞாயிறு அந்தக் கடைவாசலில் நின்றான்.

"மூட்டை மேல ஒக்காந்துக்கணும்" என்றார் முதலாளி. "பாதி வாடகைதான் கேக்கிறேன். ஆனா கோவா நசுங்கிச்சின்னா எனக்குப் பதில் சொல்லணும் நீங்க."

"பாத்து ஒக்காந்துக்குவோம்ங்க."

"வழியில எங்கயும் நிறுத்தமாட்டான். சோறு தண்ணி உங்க பாடு."

ரொட்டி சுட்டுக் கட்டிக்கொள்வது, தேங்காய்ச் சம்பலை ஒரே வாளியில் அரைத்துப்போடுவது, கடையில் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை என்று லயத்தில் பேசி முடித்தார்கள்.

லீவுக்குப் பெரிய கிளாக்கர் நாகலிங்கத்திடம் போகவேண்டியிருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றாமல் பேசினார்.

"மூண்டு நாளோ? துரை சும்மா விடமாட்டார். போற ஆக்களின்ர பேரை ஒரு தாளில எழுதி, எல்லாற்ற கைநாட்டும் வாங்கிக் கொண்டா. ரெண்டு கொப்பி. ஒண்டு இங்க இருக்கட்டும். மற்றதில சீல் குத்தித் தாறன், வழியில பொலிஸ் மறிச்சால் காட்டு. இந்தியாவில இருந்து களவா வந்த கள்ளத்தோணி எண்டு பிடிக்கிறாங்கள் இப்ப."

செல்லசாமி லயத்துக் காம்பராவில் விளக்கைத் தரையில் வைத்து எழுதினான். இரண்டு மூக்கன்கள் இருந்தார்கள். மூன்று ராசம்மாக்கள். கணக்கப்பிள்ளைக்கு எந்த மூக்கன் என்று தெரியவேண்டும். தோட்டத்தில் ஆளை எப்படிப் பிரித்துச் சொல்வார்களோ அப்படியே அவன் எழுதினான். மூக்கன், துறையூர். மூக்கன், முசிறி. ராசம்மா, பெரம்பலூர். சிலருக்கு எழுதிச் சிலருக்கு விட்டால் நன்றாக இருக்காது என்று முப்பத்திரண்டு பேருக்கும் எழுதினான். தன் பெயருக்கு நேரே நாமக்கல் என்று எழுதினான். அவன் அப்பா சொன்ன பெயர். அவன் பார்த்ததில்லை. அவன் அப்பாவும் கைக்குழந்தையாக வந்தவர்.

கிளாக்கர் வாங்கி மேலோட்டமாகப் பார்த்தார். பெயரும் ஊரும் விழுந்திருந்த பக்கத்தின் மேலேயே சீலைக் குத்தி ஒன்றைத் தந்தார், மற்றதைத் தோட்டத்துக் கோப்பில் ஊசி குத்தி வைத்தார்.

"வடிவான எழுத்து" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டுச் சொன்னார். பிரஜாவுரிமை விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஐயா வந்திருக்கிறார். மனுப் போட்டவர்கள் ஆபீசுக்கு வரவேண்டும்.

"பாத்தியா, போறதுக்கு முந்தியே கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள் மீனம்மா. கூடையை இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபீஸ் வராந்தாவில் மேசை போட்டிருந்தது. வந்தவர் இளைஞர். வெள்ளைக் காற்சட்டை. சிங்களத்திலும் இங்கிலீசிலும் பேசினார். நாகலிங்கம் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். மேசையில் மனுக்கள், செக்ரோல், தோட்டத்துக் கோப்பு. மற்றவர்கள் படிக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். துறையூர் மூக்கனை, செல்லசாமியின் பக்கத்து நிரைக்காரனை, முதலில் கூப்பிட்டார்கள். அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"எங்க பிறந்தனீ?"

"இந்தத் தோட்டத்துலதாங்க. அஞ்சாம் நம்பர் லயம்."

"இந்தியாவில ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்லீங்க."

அந்த ஐயா கோப்பைப் புரட்டினார். அதில் ஊசி குத்தியிருந்த ஒரு தாளை எடுத்தார். செல்லசாமி கீழே நின்றபடியே தன் எழுத்தை அடையாளம் கண்டான்.

நாகலிங்கம் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மூக்கன், துறையூர் எண்டு கிடக்கு. இது உன்ர கைநாட்டோ?"

"ஆமாங்க."

"துறையூர் எங்க இருக்கு?"

மூக்கனுக்குத் தெரிந்த கேள்வி வந்துவிட்டது. "திருச்சிப் பக்கம்ங்க. நம்ம ஊரு" என்றான்.

ஐயா எழுதினார். வெகுநேரம் எழுதினார்.

செல்லசாமி படியேறினான். யாரும் கூப்பிடவில்லை.

"ஐயா, அது நான் எழுதினதுங்க. இங்க ரெண்டு மூக்கன் இருக்காங்க. ஆள் தெரியணும்னு அப்பன் பாட்டன் ஊரப் போட்டேன். இவன் அந்த ஊரக் கண்ணால கண்டதில்லீங்க. நாங்க யாருமே கண்டதில்ல. கூப்பிடுறதுக்குத்தாங்க அந்தப் பேரு. லயத்துல இன்னாரு மகன்னு சொல்ற மாதிரி."

அவன் சொன்னது நீளமாக இருந்தது. நாகலிங்கம் இங்கிலீசில் சொன்னது ஒரு மூச்சில் முடிந்தது.

ஐயா தலையை ஆட்டினார். இன்னொரு கேள்வி கேட்டார்.

"நீதானே எழுதினனீ? ஒருத்தரும் எழுதச்சொல்லேல்லையே?"

"ஆமாங்க. யாரும் சொல்லல."

அதையும் எழுதிக்கொண்டார். சாயந்தரத்துக்குள் மனுப் போட்டிருந்த பதினொரு குடும்பத்தையும் கூப்பிட்டு முடித்தார். ஒவ்வொருவரிடமும் அந்தத் தாளைத் திருப்பிக் காட்டினார். கைநாட்டு உன்னுடையதா என்பது மட்டும்தான் கேள்வி.

மறுநாள் செல்லசாமி ஒரு புதுத் தாளோடு ஆபீசுக்குப் போனான். பெயருக்கு நேரே எல்லாருக்கும் கல்லுமலைத் தோட்டம் என்று எழுதியிருந்தான்.

"ஒருக்கா சீல் குத்தினதை மாத்தேலாது. இந்தியாக்காரர் எண்டு ஐயா எழுதியாச்சு" என்றார் நாகலிங்கம். "என்னையும் சேர்த்து மாட்டிவிடாத."

"நீங்கதானே ஐயா லிஸ்ட் எழுதச் சொன்னீங்க."

"பேரை எழுதச் சொன்னன். ஊரை எழுதச் சொன்னனோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றுதான் அவர் கண்ணைச் செல்லசாமி பார்த்தான். சின்னக் கண்.

லயத்தில் இரண்டு நாள் யாரும் அவனிடம் சரியாகப் பேசவில்லை. மூக்கனின் மாமியார் நாகலெட்சுமி பீலித் தண்ணீரில் குடத்தை வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"படிச்சவன் கையில குடுத்தா இப்புடித்தான். கைநாட்டுக்காரன் எழுதியிருந்தா பேரு மட்டுந்தான் இருந்துருக்கும்."

"போகவேணாம், விட்டுருவோம்" என்றான் செல்லசாமி அன்று இரவு.

மீனம்மா ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "முடிஞ்சு வெச்சத என்னா செய்யிறது? இனிமேதான் போகணும். இப்ப வேற யாருகிட்டப் போயிச் சொல்றது?"

வெள்ளி விடிகாலை பனியில் லொறி பெரட்டுக்களத்துக்கு வந்தது. முப்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். டிரைவர் பியதாச பின்பலகையை இறக்கினான். பெண்கள் சாக்குகளைக் கையால் தொட்டுப் பார்த்து, அமுங்காத இடமாகத் தேடி உட்கார்ந்தார்கள். நாகலெட்சுமியை இரண்டு பேர் மேலே இழுத்தார்கள். மூக்கன் கீழிருந்து தள்ளினான்.

"மெதுவாடா, நானென்ன கொழுந்து மூட்டையா?"

"கொழுந்து மூட்டைன்னா ஒரு ஆளு போதுமே, அத்தே."

மூன்று நாளில் அன்றுதான் சிரித்தார்கள். செல்லசாமி பின்பலகையோரம் உட்கார்ந்தான். சீல் குத்திய தாள் நான்காக மடித்துச் சட்டைப்பையில் இருந்தது. லொறி நகர்ந்ததும் யாரோ அரோகரா சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னார்கள்.

நானுஓயா, நுவரெலியா, வெலிமடை. பண்டாரவளையில் பனி விலகியது. எல்லவைத் தாண்டி இறக்கத்தில் காது அடைத்தது. குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். காற்று சூடாகத் தொடங்கியதும் பெண்கள் கம்பளிகளை மடித்து அடியில் வைத்தார்கள், கோவா நசுங்காமலிருக்க.

உச்சிவேளையில் மலை முடிந்து சமவெளி தொடங்கும் ஒரு சந்தியில் தெருவுக்குக் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. இரண்டு பொலிஸ்காரர்கள். ஒருவன் டிரைவரிடம் போனான்.

"தோட்டத்து ஆக்கள். கதிர்காமம் போறாங்க" என்று பியதாச சிங்களத்தில் சொன்னான்.

பொலிஸ்காரன் பின்னால் வந்து நின்று மேலே பார்த்தான். வயதானவன். முகத்தில் கோபம் இல்லை. வழியில் பார்த்த யாரையும் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"கம கொஹேத?"

ஊர் எது என்று கேட்கிறான். எல்லோருக்கும் அந்தச் சிங்களம் தெரியும். கடைத்தெருவில், சந்தையில், பஸ்ஸில் நூறுதரம் கேட்டது. மூக்கன் வாயைத் திறந்தான். செல்லசாமியைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

பொலிஸ்காரன் பிரம்பால் நாகலெட்சுமியைக் காட்டினான். "கம?" அவள் குனிந்துகொண்டாள். மீனம்மாவைக் காட்டினான். ஒரு பிள்ளையைக் காட்டினான். பிள்ளையின் வாயைத் தாய் பொத்தினாள்.

செல்லசாமியின் கை சட்டைப்பைக்குப் போனது. தாளின் மடிப்பைத் தொட்டது. உள்ளே முப்பத்திரண்டு பேருக்கும் இந்திய ஊர்கள் இருந்தன. அவன் கையை வெளியே எடுத்தான். வெறும் கை.

"பஹின்ட" என்றான் பொலிஸ்காரன். இறங்கச் சொன்னான்.

இறங்கினார்கள். ரொட்டி மூட்டைகள், சம்பல் வாளி, மஞ்சள் துணி முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கைமாறிக் கீழே வந்தன. இன்ஸ்பெக்டர் மத்தியானத்துக்கு மேல் வருவார், அதுவரை தெருவோரம் இருக்கவேண்டும் என்றார்கள். நிழல் இல்லை.

மற்றப் பொலிஸ்காரன் சரக்கைக் கேட்டான். பியதாச முதலாளியின் கடைச்சீட்டை நீட்டினான். எந்த ஊர்ச் சரக்கு, எந்த ஊருக்குப் போகிறது, எத்தனை மூட்டை என்று அதில் எழுதியிருந்தது. அவன் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மூங்கிலைத் தூக்கினான்.

பியதாச ஒருதரம் திரும்பிப் பார்த்தான். கோவா சாயந்தரத்துக்குள் இறங்கவேண்டும். லொறி கிளம்பியது. பின்பலகைக்கு மேலே சாக்கு மூட்டைகள் தெரிந்தன. அவற்றின்மேல் அவர்கள் உட்கார்ந்திருந்த குழிகள், பெரியதும் சிறியதுமாக, வளைவு வரை தெரிந்தன.