பாலத்தில் சம்மணம்

பாலத்தின் ஏற்றம் கண்ணில் பட்டதுமே டீச்சரின் உள்ளங்கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது. இருபத்து மூன்று வருடமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நான்கு மாதம் முன்பு இதே பாலத்தின் உச்சியில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கதை முடிந்தது என்றே நினைத்துவிட்டார். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அதன் பிறகும் சுற்றுவழிதான். ஓட்டுநர் தேர்வோ பாலத்தின் மேல்தான். திங்கள்கிழமை மாணவர்களை ஏற்றிப்போக முடியாவிட்டால் கார் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மனநல டாக்டரம்மா மூளையை வரைந்து காட்டியிருந்தார். பார்க்க முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. உள்ளே பாதாம் பருப்பளவு ஒரு காவல்காரனாம்.

"பூனை வந்தாலும் திருடன்னு விசில் ஊதுவான். நெத்திக்குப் பின்னாடி இருக்கிற அதிகாரி விசாரிக்கிறதுக்குள்ள உடம்பு ஓடத் தயாராயிடும். நீங்க திரும்பிட்டா, தன் விசிலாலதான் தப்பிச்சோம்னு நினைச்சுக்குவான். திரும்பாதீங்க. ஊதி ஊதி அவனே ஓஞ்சிடுவான்."

தினம் ஒரு மாத்திரை. முதலில் பாலத்தடியில் நிற்பது, பிறகு ஆட்டோவில் கடப்பது. இன்று தானே ஓட்டவேண்டும். பக்கத்து இருக்கையில் வீட்டுக்காரர். அவர் காலடியில் பயிற்சிக் காரின் இரண்டாவது பிரேக்.

"என்னங்க, பிரேக்கைக் கொஞ்சம் அமுக்குங்களேன்."

"முடியாது டீச்சர்," என்றார் அவர். கல்யாணமாகியும் அதே அழைப்புதான். காலைத் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. அவரது முதல் மாணவர் இந்த மனுஷன்தான். சட்டைப் பையில் மூன்று பேனா, நெற்றியில் வேர்வை. இதே ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டபோது, "நான் சம்மணம் போட்டாச்சு சார். இனி பிரேக் உங்க பொறுப்பு," என்று காலை மடித்துக்கொண்ட பெண்ணுக்கு வயது இருபத்தாறு. பயம் என்றால் என்ன விலை என்று கேட்பாள். அன்று அவர் கற்றது காதல் மட்டும்தான். கிளட்ச் இன்றுவரை பிடிபடவில்லை.

"பயம் பத்துக்கு எத்தனை?" என்றார் வீட்டுக்காரர். அடிக்கடி கேட்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

"பதினொண்ணு!"

உச்சியில் காது அடைத்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. டீச்சர் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"இப்போ?"

"எட்டு. பேசாம வாங்க."

இறக்கத்தில் ஐந்தானது. கீழே வந்ததும் ஓரமாக நிறுத்தி, டீச்சர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"கால் மரத்துப்போச்சு டீச்சர். நீட்டிக்கவா?"

"மடக்கியே வைங்க," என்று டீச்சர் வண்டியைப் பாலத்தை நோக்கித் திருப்பினார். "அந்தக் காவல்காரன் இன்னும் நம்பலை."