எலெக்ஷன் முடியட்டும்

“இன்னையோட இந்த ஒலகத்துல விதவைன்னு ஒருத்தியும் கெடையாது” என்று தருண் அறிவித்தபோது பறையடிப்பவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஸ்ரீராம்புரம் சந்து முழுக்கத் தெளிவாகக் கேட்டது. அப்பா சுந்தரமூர்த்தி ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டி கூடத்தை அடைத்துக்கொண்டதால் புரட்சியை வாசலில் நின்றுதான் செய்யவேண்டியிருந்தது.

மாமா கோதண்டராமன் தங்கைக்குக் கோடிப்புடவை வாங்கி வந்திருந்தார். பிணத்தை எடுப்பதற்கு முன் புடவையை அவளுக்குப் போர்த்தி, பொட்டை அழித்து, வளையலை உடைக்க வேண்டும்.

“அது மொறைடா தருணு.”

“கொல மாமா அது. கசாப்புக்குத் துணி வாங்கியாந்திருக்கீங்க. சீர்திருத்தம் பேசறவன் எல கிள்ளுவான். நாங்க வேரையே புடுங்கறவங்க.”

மாமா புடவையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

அம்புஜம் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்ப நான் இப்படியே கார்மென்ட்ஸுக்குப் போலாமா? தையல் லைன்ல எவளும் ஒண்ணும் சொல்ல மாட்டாளுங்களா?”

“சொல்லட்டும். நான் வந்து பேசறேன்.”

அவள் பீரோக் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். பக்கத்து வீட்டு வீணா அதைப் பார்த்தாள். சற்று நேரத்தில் சந்தே வந்து பார்த்தது.

மதியம் தருண் சேர்ந்திருந்த இயக்கத்தின் நகரப் பொறுப்பாளர் முனிராஜ் மாலையோடு வந்தார். வார்டு எலெக்ஷனில் தருணை நிறுத்துவதாகச் சொல்லியிருப்பவர். வேர், இலை எல்லாம் அவர் எடுத்த வகுப்புதான். மாலையைப் போட்டார், முஷ்டியை உயர்த்தினார், அம்புஜத்தின் நெற்றியைப் பார்த்தார். தருணை மாடிப்படிப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

“தத்துவம் கரெக்ட்டு தோழர். ஆனா சந்து முனையிலயே பொம்பளைங்க பேசிக்கிறாங்க. பாதி ஓட்டு அவங்களுது.”

“ஜனங்கள நாமதானே மாத்தணும்?”

“மாத்தலாம். எலெக்ஷன் முடியட்டும். நம்ம கிளிஃபர்டும் சீட்டு கேட்டுட்டுதான் இருக்கான், பாத்துக்குங்க.”

தருண் மாடிப்படிக் கைப்பிடியை நகத்தால் சுரண்டினான். சிந்தித்திருக்க வேண்டும்.

பிறகு அம்மாவைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். வியர்வையைத் துடைப்பதுபோல் கைக்குட்டையை அவள் நெற்றியில் அழுத்தித் தேய்த்தான். குங்குமம் புருவம்வரை இழுபட்டது. இன்னொரு தடவை தேய்த்தான். அம்புஜம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான். கண்ணாடி வளையல்கள் விரல் முட்டியைத் தாண்டி வரவில்லை.

“ஒடச்சிடாத” என்றாள். “வெளிய சத்தம் கேக்கும். ஒனக்குத்தான் அசிங்கம்.”

பாத்திரம் தேய்க்கிற சோப்பை நனைத்து அவள் மணிக்கட்டில் தடவினான். அம்புஜம் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கொடுத்தாள்.