மொட்டையில் மாறிய அண்ணன்

பொய் சொல்லும்போது தேவயானிக்கு வலது கை தானாகக் காதுக்குப் போய்விடும். காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே அள்ளி விடுவாள். நகரியில் அவள் வீட்டில் இது செல்லுபடியாகாது. "காத விட்டுட்டு சொல்லுடி" என்று அவள் அம்மா யசோதா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய் பாதியிலேயே படுத்துவிடும். யசோதா இதில் கைதேர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம்.

ஆனால் சந்திரகிரி பக்கத்து மாந்தோப்பில் யசோதா இல்லையே! திருப்பதியில் வேலை பார்க்கும் தமிழ்க்காரர்கள் சிலர் சேர்ந்து, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லித்தரும் முகாம் ஒன்றை அங்கே நடத்தினார்கள். தங்குவது, சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் தோப்புக்குள்ளேயே. தேவயானி பத்தாவது பரீட்சையை முடித்த கையோடு, நைனாவிடம், அதாவது அப்பாவிடம், மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அனுமதி வாங்கி வந்திருந்தாள்.

சொல்லித்தர வந்தவர் சென்னை எழுத்தாளர் மனோரமா மேடம். நல்லவர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். "இங்க யாரும் கற்பனை பண்ண வேண்டாம். உங்க வாழ்க்கையில நடந்தத மட்டும் எழுதுங்க." பிள்ளைகள் எழுதினார்கள். எதை வாசித்தாலும் மேடம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுல வலி எங்கேம்மா?" என்பார். தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதும் தீனா, மறுநாள் தன் பல்வலியை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தான். அந்த வலி இல்லையாம்.

அப்புறம் பவ்யா தன் செத்துப்போன நாயைப் பற்றி வாசித்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான், அன்றிலிருந்து பவ்யாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. உப்புமாவுக்குத் தட்டை நீட்டும்போதுகூட சோகமாக நீட்டினாள். கடைசி நாள் விழாவில் பெற்றோர்கள் முன்னால் ஒரே ஒரு கதைதான் மேடையேறும், முகாம் போடப்போகும் புத்தகத்திலும் அதுதான் முதல் பக்கம் என்று மேடம் சொன்னபோது எல்லோரும் அந்த நாயைத்தான் நினைத்தார்கள்.

தேவயானிக்கு வயிறு எரிந்தது. அந்த முதல் பக்கம் அவளுக்கு வேண்டும். எப்படியாவது வேண்டும். ஆனால் வலிக்கு எங்கே போவாள்? நைனா சிட்டிபாபு விசைத்தறிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறார், வியாபாரம் சுமாராக ஓடுகிறது. தாத்தா இன்னும் சைக்கிள் மிதிக்கிறார். ஒரு குடும்பம் இவ்வளவு சௌக்கியமாக இருந்தால் ஒரு பெண் எதைத்தான் எழுதித் தொலைப்பது?

எழுதினாள். தனக்கு மூன்று வயது, அண்ணன் யஸ்வந்துக்கு ஐந்து வயது. குடும்பத்தோடு திருமலைக்குப் போகிறார்கள். மொட்டை அடிக்கும் கூடத்தில் ஒரே கூட்டம், எல்லாப் பிள்ளைகளும் மொட்டை, எல்லாத் தலையிலும் சந்தனம். நைனா அவசரத்தில் ஒரு பையன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். நகரி வந்து சேர்ந்து குளிப்பாட்டினால், அண்ணன் காதுக்குப் பின்னால் இருந்த மச்சம் இல்லை! அம்மா வெளியே சொல்லவில்லை. இன்று வீட்டில் இருப்பவன் கத்தரிக்காய் தின்னமாட்டான். எங்கள் வம்சத்தில் கத்தரிக்காய் தின்னாதவர் எவருமே இல்லை. என் அண்ணன் எங்கே?

முகாம் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்து முடித்தாள். "இது நடந்ததாம்மா?" என்றார் மேடம், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.

"சாமி சத்தியமா மேடம்." கை காதில் தொங்கியது.

"பாருங்க, சொல்லும்போதே குழந்தைக்குக் கை நடுங்குது" என்று மேடம் அவளைக் கட்டிக்கொண்டார். நாய் அன்றைக்கு இரண்டாவது தடவையாகச் செத்தது.

முதல் பக்கம் கிடைத்த சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். கடைசி நாளுக்குப் பெற்றோர்கள் வருவார்களே என்று நினைத்ததும் தேவயானி முகாம் ஆபீஸுக்கு ஓடினாள். அங்கிருந்த போனில் வீட்டுக்குக் கூப்பிட்டாள். "நைனா, நீங்கல்லாம் வர வேணாம். இங்க வெயிலு மண்டையப் பொளக்குது."

"மலையில ஒரு வேண்டுதல் கீதும்மா. முடிச்சிக்கினு எறங்குற வழிதான? வந்துட்றோம்" என்றார் சிட்டிபாபு.

வந்தார்கள். நைனாவும் யஸ்வந்தும் புது மொட்டை, சந்தனம்கூடக் காயவில்லை. தோப்பு வாசலில் அந்த மொட்டையைப் பார்த்ததும் முகாம் தோழி பிரித்திகாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "ஐயோ, மறுபடியும் அதே எடத்துக்குக் கூட்டிக்கினு போயிருக்காங்களே!" பவ்யா ஒரு டம்ளர் மோரை யஸ்வந்த் கையில் கொடுத்து, "அண்ணா, நீங்க தனியா இல்ல" என்றாள்.

யஸ்வந்த் தங்கையிடம் வந்தான். "இன்னாடி இது? இந்தப் பொண்ணுங்க என்னப் பாத்து அழுவுது? மொட்ட அவ்ளோ கேவலமாவா கீது?"

அவனை மாமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினாள். "இன்னிக்கு ஒரு நாளு நீ வாயத் தொறக்காம இரு அண்ணா. மாட்டினா மானம் போயிடும். உன் கால்ல வேணும்னாலும் வுழுறேன்."

யஸ்வந்த் மோரை நிதானமாகக் குடித்து முடித்தான். "போன மாசம் நான் சினிமாவுக்குப் போனத நைனா கையில போட்டுக் குடுத்தது யாரு?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

மேடையில் தேவயானி வாசித்தாள். இந்தத் தடவை காதைப் பிடித்த கை நிஜமாகவே நடுங்கியது. நைனாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அழுகிறாளாக்கும் என்று பக்கத்திலிருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். வாசித்து முடிந்ததுதான் தாமதம், யஸ்வந்த் தடதடவென்று மேடை ஏறி மைக்கைப் பிடித்தான்.

"எனக்கு முன்னாடியே தெரியும் மேடம்" என்றான், தொண்டையைக் கரகரவென்று ஆக்கிக்கொண்டு. "ராத்திரில கனவு வரும். ஒரு அம்மா தெலுங்குல என்னக் கூப்பிட்டுக்கினே இருப்பாங்க. அது பலமனேர் ஊரு தெலுங்கு. நான் பாதி அந்த ஊருக்காரன் மேடம்!" சொல்லிவிட்டு விசும்பினான் பாருங்கள், கூடமே விசும்பியது. மேடம் எழுந்து வந்து அவன் கையைப் பற்றினார். "தம்பி, அடுத்த வருஷம் நீ வரணும். உன் பக்கத்துக் கதைய நீதான் எழுதணும்."

பாவி, முதல் பக்கத்தைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான்! தேவயானிக்கு வந்த ஆத்திரத்தில் பயமே போய்விட்டது. ஆனால் மேடம் அதோடு விடவில்லை. இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு சிட்டிபாபுவிடம் போனார். "ஐயா, இத்தன வருஷமா மனசுல பூட்டி வெச்சிட்டீங்க. இன்னிக்கு சொல்லிடுங்க."

சிட்டிபாபு எழுந்தார். சந்தன மொட்டையைத் தடவினார். மகளை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"நெசம்தான் மேடம்" என்றார் மெதுவாக. "அன்னிக்கு மொட்ட மாறிப்போச்சு. ஆனா மொட்ட ரெண்டு புள்ளைங்களுக்கும் போட்டோம். மாறினது இவன் இல்ல." விரலை நீட்டினார். "இவதான்."

கூடம் "ஹா" என்றது. தேவயானிக்குக் காது அடைத்தது. கதை, முதல் பக்கம், பவ்யா எல்லாம் எங்கோ போயிற்று. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அவள் யாருடைய பெண்ணோ ஆனாள். நெஞ்சில் ஜில்லென்று ஒரு பயம் இறங்கியது. இப்படி ஒரு பயத்தை அவள் எழுதியதில்லை, எழுதத் தெரிந்திருக்கவும் இல்லை. நைனா சொல்வது பொய்யாக இருக்க வேண்டும், சாமி, பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அவரை உற்றுப் பார்த்தாள்.

பார்த்தாள். அவருடைய வலது கை.

"நைனா! காத விடு!" என்று கத்தினாள். மேடை மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது, தோப்பு முழுக்கக் கேட்டது.

சிட்டிபாபு திடுக்கிட்டுக் காது மடலை விட்டார். மேடை மேல் யஸ்வந்தும் தன் காதைப் பட்டென்று விட்டான். தேவயானியின் விரல் அப்போதுதான் தன் காதிலிருந்து இறங்கியது. அதற்குமேல் யசோதாவால் அடக்க முடியவில்லை. முந்தானையை எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மேடம், இதுங்க மூணும் பொய் சொன்னா காதப் புடிச்சிக்கும். மாறவும் இல்ல, கீறவும் இல்ல. எல்லாம் ஒரே கொழாத் தண்ணி!"

மனோரமா மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மூன்று காதுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "வேற யாராவது?" என்றார்.

"மேடம்" என்று பவ்யா எழுந்தாள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "எங்க வீட்டுல நாயே கிடையாது."

"என் பல்லு நெஜம் மேடம்!" என்று தீனா வாயைத் திறந்து காட்டினான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எல்லோரும் பயந்துவிட்டார்கள், பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். தேவயானி மேடையிலிருந்து இறங்கி ஓடிப்போய் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தன வாசனை அடித்தது. விடுகிற மாதிரி இல்லை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா தேவயானி" என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தக் கதையில ஒரு வரியாவது உண்மையா?"

"கத்தரிக்கா மேடம்" என்றாள் தேவயானி. "அவன் நெஜமாவே துன்னமாட்டான்."

கூடம் முழுக்க அவள் கையைத்தான் பார்த்தது. அது நைனாவின் கையை விட்டு நகரவில்லை.