வாசலில் நின்றவள்

முதல் ஏழு பாடல்களையும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டு முடித்தேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மூன்றாம் மாடியில் என் மகன் அக்மல் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறான். பக்கத்து ஊரான இளம்பிள்ளையின் புடவைக் கடைகளின் விளம்பரங்களுக்குக் குரல் பதிவதுதான் அவன் பிழைப்பு. காலையில் ஆடித் தள்ளுபடி என்று கத்திய ஒலிபெருக்கிகளில் இப்போது அவன் தந்தை மரணத்தைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்.

பரக்கத் அலி என்றால் சேலத்தில் ஒரு தலைமுறைக்குத் தெரியும். தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, ஊர் ஊராகச் சென்று பாடியவர், என் கணவர். எழுபத்தாறு வயதில் இது அவருடைய கடைசித் தொகுப்பு. வரும் வாரம் கோவையில் அவருடைய குரல்வளையை அகற்றப் போகிறார்கள். இப்போதே குரல் அறுந்து கிசுகிசுப்புதான் மிஞ்சியிருக்கிறது. புதிதாக ஒரு வரிகூடப் பாட இயலாது.

இந்தத் தொகுப்பின் மகிமையை அவருடைய அன்பர்கள் எனக்கு முன்பே விளக்கியிருந்தார்கள். முதுமையின் கனிவாம், குரலின் விரிசலில் ஞானம் கசிகிறதாம். கசிந்தது சளி. முப்பது வயதில் நிலவைக் காதலி என்றார். ஐம்பதில் அதே நிலவை இறையருள் என்றார். இப்போது மரணம் என்கிறார். நிலவை மட்டும் விடவில்லை. ஒரு வரியில் பறவையாக இருக்கும் உயிர் அடுத்த வரியில் படகாகிறது. எப்போது இறங்கியது, எப்போது ஏறியது என்று கேட்க ஆளில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் அக்மல்.

"நாற்காலி நல்லா இருக்கு."

மூலையில் கழுத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது. "எட்டாவதைப் போடு. அதுக்கு அவ சரின்னாதான் வெளிய விடணும்."

எட்டாவது பாடலில் ஒரு மனைவி வருகிறாள். பாடிவிட்டு நெடுநேரம் கழித்துத் திரும்பும் கணவனுக்காகச் சோற்றை மூடிவைத்து வாசலில் நிற்கிறாள். அவன் தெருமுனையில் திரும்பும்போதே அவள் முகம் மலர்கிறது. பின்னால் ஒரு வயலின் ஓயாமல் அழுதுகொண்டிருந்தது.

நான் எழுந்துவிட்டேன். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வீட்டில் ஒன்பதரை மணிக்குத் தாழ்ப்பாள் விழும். அதற்குப் பின் வந்தால் அவர் தம்முடைய தம்பி கடையில் ஜவுளி மூட்டைகளின் மேல் படுத்துக்கொள்வார். இது தெருவுக்கே தெரியும்.

"யாருங்க அவ?" என்றேன்.

அவர் கழுத்துத் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"கேக்கறேன்ல? நான் ஒருநாளும் நின்னதில்ல. நின்னவ பேரைச் சொல்லுங்க."

"விடுங்கம்மா, பாட்டுதானே," என்றான் அக்மல்.

"பாட்டுன்னா பொய் சொல்லலாமா? நாளைக்கு ஊரே என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஐயோ எப்படிக் காத்துக் கிடந்தீங்கன்னு உருகும். எடுத்துடு இதை. ஏழே போதும். ஏழே அதிகம்."

"அத்தாவால இனி வேற மாதிரி பாட முடியாதும்மா. எடுத்தா எடுத்ததுதான்."

அவர் கையசைத்து என்னை அருகில் அழைத்தார். குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"எவளும் இல்ல பானு. ஒருத்தியும் நின்னதில்ல. நின்னிருந்தா எப்படி இருந்திருக்கும்னு எழுதிப் பாத்தேன்."

இந்த மனிதர் செய்த மற்ற எல்லாவற்றையும் போல இதுவும் ஒழுங்கற்றதாகவே இருந்தது. குற்றமும் சாட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

அக்மலின் விரல் மவுஸின் மேல் காத்திருந்தது.

"அந்த வயலினை எடு," என்றேன்.

"பாட்டை எடுக்கவாம்மா?"

"வயலினைன்னு சொன்னேன். வாசல்ல நிக்கறவ பின்னாடி எவன் உக்காந்து வாசிப்பான்? தபலாவையும் எடு. எல்லாத்தையும் எடு."

வாத்தியத்துக்கு ஒன்றாகத் திரையில் பட்டைபட்டையாக இருந்த நிறங்களை ஒவ்வொன்றாக அணைத்தான். குரலுக்கான ஒன்று மட்டும் மிஞ்சியது. மறுபடி ஓடவிட்டான். வரிக்கு முன் மூச்சை இழுக்கும் சத்தம், ஓட்டைத் துருத்தியின் சத்தம், அறை முழுவதும் கேட்டது. மூலையில் இருந்தவரும் அதே கணத்தில் மூச்சை இழுத்தார். ஒலிபெருக்கியிலிருந்து குரல் எழுந்தது. அவருடைய உதடுகள் அதன்கூடவே, ஒலியில்லாமல், அசைந்துகொண்டிருந்தன.