ஏலிக்குட்டியின் கோபத்தில் பொரிந்த வாத்துகள்

குட்டநாட்டு நெடுந்துருத்தியில் ஆடிமாதக் கர்க்கடக மழையில் மின்கம்பங்கள் சாய்ந்து கரண்ட் அடியோடு போன வாரத்தில், குருவிளாவின் வீட்டு இன்குபேட்டரில் இருந்த வாத்து முட்டைகள் எல்லாம் அவன் மனைவி ஏலிக்குட்டியின் கோபத்தில் பொரிந்தன. ஒன்றுகூடக் கூமுட்டையாகவில்லை. அதே வாரம் பஞ்சாயத்துப் படகு ஓடவில்லை, சந்தையில் வரால் மீன் வரவில்லை. ஊரில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

கோபத்துக்குக் காரணம் ஒரு கோழி. குட்டநாட்டு வாத்து முட்டையிடும், ஆனால் அடைகாக்காது. இட்ட இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் வாத்து முட்டைக்கு அடையிருப்பது காலங்காலமாகக் கோழியின் பாடாக இருந்தது. குருவிளா குவைத்தில் இருந்த வருஷங்களில் ஏலிக்குட்டியின் வீட்டில் ஒரு செம்பட்டைக் கோழி அந்த வேலையைச் செய்துவந்தது. அவன் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது கொச்சியில் இறங்கி, கண்ணாடிக் கதவும் வெப்பமானியும் தண்ணீர்த் தட்டும் வைத்த ஒரு பெட்டியை வாங்கி வந்தான். முட்டைகளைத் தானே புரட்டிக்கொடுக்கும் பெட்டி. அதைத் தொடங்கிவைக்க ஊரையே அழைத்தான். வட்டப்பறம்பிலச்சன், அதாவது பங்குச்சாமியார், தீர்த்தம் தெளித்தார். கட்சியின் கிளைச் செயலாளர் சுகதன் சுவிட்சைப் போட்டார். இருவருக்கும் விருந்து வைக்க வேண்டுமே என்று பார்த்த குருவிளாவின் கண்ணில் அந்தக் கோழி பட்டது. "மெஷின் வந்தாச்சு, இனி இது எதுக்கு?" என்றான். ஏலிக்குட்டி தேவாலயத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கோழி தேங்காய்ப்பாலில் கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. விருந்தாளிகளுக்குப் பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். அதோடு 'இச்சாயா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். குவைத்துக்கு வந்த ஒவ்வொரு போனும் "இச்சாயா, கேக்குதா?" என்றுதான் ஆரம்பிக்கும்; அந்தப் பாலைவனத்தில் குருவிளா அந்த இரண்டு சொல்லைத்தான் தின்று வாழ்ந்தான் என்றால் மிகையில்லை. இப்போது அவள் அடுப்பைப் பார்த்து, "அந்த ஆளுக்குக் கஞ்சி ஆறிக்கிட்டிருக்குன்னு யாராவது சொல்லுங்க" என்பாள். அடுப்பு சொல்லாது. அவனே போய் உட்கார்ந்து குடிப்பான்.

கரண்ட் போன அன்று அவன் பெட்டியைக் கம்பளியால் மூடிவிட்டு முட்டைகளுக்காக அழத் தயாரானான். வெப்பமானி முப்பத்தேழரையிலிருந்து அசையவில்லை. ஏலிக்குட்டி அறையைக் கடந்துபோனால் முள் லேசாகத் துள்ளியது. பூசைக்குப் போனால் இறங்கியது. பூசையில் அவள் மனம் கொஞ்சம் இளகும்போல. ஒருநாள் அவன் பரிசோதிக்க வேண்டி, "ஒரு கிழட்டுக் கோழிக்கா இவ்வளவு?" என்று கேட்டுவைத்தான். தட்டிலிருந்த தண்ணீர் ஆவியானது. பிறகு அவன் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டு, பெட்டியைச் சமையலறைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான்.

கம்பங்களை நிமிர்த்திய பிறகும் அவன் பிளக்கைச் சொருகவில்லை. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்தார், திருட்டு இணைப்பு தேடிக் கூரை உச்சி வரை ஏறினார், இறங்கும்போது ஏலிக்குட்டியின் முகத்தைப் பார்த்தார். "மாற்று எரிசக்தி" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

முந்திய வருஷம் பறவைக் காய்ச்சல் வந்து, ஊரின் வாத்துகளை எல்லாம் அரசாங்கம் எரித்திருந்தது. பங்குனியில் அறுவடை முடிந்ததும் வயலில் சிந்திய நெல்லை மேய வாத்து வேண்டும். அதற்குள் குஞ்சு வேண்டும். எனவே வீட்டுக்கு வீடு எங்கெங்கிருந்தோ முட்டை வாங்கி, வள்ளத்தில் கொண்டுவந்து குருவிளாவிடம் கொடுத்தார்கள். பெட்டி நிறைந்து, அலமாரி நிறைந்து, கட்டிலுக்கடியிலும் முட்டை வந்தது. ஏலிக்குட்டியின் கோபம் எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது. அது தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் ஊரின் பொறுப்பாயிற்று.

ஊர் பொறுப்பாகவே நடந்துகொண்டது. அந்த வருஷத்துக் குடும்ப சமாதான தியானத்துக்கு ஏலிக்குட்டி வர வேண்டாமென்று அச்சன் விலக்கு அளித்தார். அவள் பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொல்லி அழுதபோது, "அவசரப்படாதே மகளே, மன்னிப்புங்கிறது நல்லாப் பழுக்கணும்" என்றார். அவருடைய பங்குக்கோயிலின் முட்டைகள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. கட்சிக் கிளை கூடி, ஒரு பெண்ணின் நியாயமான கோபம் மக்களின் பொதுச்சொத்து என்று தீர்மானம் போட்டது. சாயங்காலமானால் பக்கத்து வீட்டுப் பெண்கள் முறைவைத்து வந்து, "அந்தக் கோழி நடக்கற அழகு இருக்கே ஏலிக்குட்டி" என்று பெருமூச்சுவிட்டுப் போனார்கள்.

குருவிளா மெலிந்தான். முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே நரம்போடி ஒரு சின்ன இதயம் துடிப்பது தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளோடு பேச வேண்டும்போல இருக்கும். ஒருநாள் படகுத்துறையில் சுகதனிடம் சொன்னான்.

"தோழரே, நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கப்போறேன்."

"கேளுங்க, யாரு வேணாம்னா? அறுவடை முடியட்டும்."

"அதுவரைக்கும் நான் 'அந்த ஆளா'வே இருக்கணுமா?"

"கட்சியில எத்தனையோ பேரு பேரே இல்லாம இருந்திருக்காங்க" என்றார் சுகதன்.

பக்கத்தில் நின்ற அச்சன் முதன்முறையாகக் கட்சியோடு உடன்பட்டார். "நம்ம கர்த்தரும் பொறுத்தார், குருவிளா. உனக்கு மீனமாசம் வரைக்கும்தானே?"

மீனமாசமாகிய பங்குனி வரை குருவிளா பொறுக்கவில்லை. முட்டைகளுக்குள் குஞ்சுகள் அலகால் தட்டத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், ஏலிக்குட்டி கப்பைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான். இத்தனை மாதமும் அவன், கோழி கிழடு என்றும் இன்னொன்று வாங்கலாம் என்றும்தான் சொல்லி வந்திருக்கிறான். அன்று வேறொன்று கேட்டான்.

"அதுக்குப் பேரு வச்சிருந்தியா?"

கத்தி நின்றது. "ரோசிலி" என்று கிழங்கிடம் சொன்னாள். தோலைச் சீவித் தள்ளிக்கொண்டே, "இடி இடிச்சா உள்ள வந்துடும். நீங்க படுக்கற பக்கத்துல படுத்துக்கும். வீட்டுல மூச்சு விடறதுக்கு இன்னொண்ணு இருக்குன்னு நானும் தூங்குவேன்."

'நீங்க' என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. முள் கவனித்தது.

"நான் ரெண்டு காலையும் தின்னேன் ஏலீ. ருசியா வேற இருந்துச்சு. அதைத்தான் இத்தனை நாளாச் சொல்ல முடியல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ருசியா இருக்காதா பின்ன? நான் போட்ட நெல்லைத் தின்னது" என்றாள். பிறகு, "எழுந்து கையைக் கழுவுங்க இச்சாயா. முகமெல்லாம் முட்டை ஓடு."

வெப்பமானி கல்லைப்போல் விழுந்தது. பிளக்கைச் சொருகிப் பார்த்தார்கள். பெட்டி இத்தனை மாதம் சும்மா கிடந்ததில் சூடாவதையே மறந்துபோயிருந்தது. விஷயம் கால்வாய்த் தண்ணீரில் பரவி, அரை மணிக்குள் வாசலில் வள்ளங்கள் முட்டிக்கொண்டன. ஆளாளுக்குத் தங்கள் முட்டையைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார்கள்.

"அப்பவே சொன்னேன், இவனைத் துறையிலயே பிடிச்சு வச்சிருக்கணும்" என்றார் சுகதன்.

"தீர்மானம் போடத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு காவல் போடத் தெரியல" என்றார் அச்சன்.

"மன்னிப்பைப் பத்தி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசிப் பேசி அவன் மனசைக் கெடுத்தது யாரு?"

ஒரே வள்ளத்தில், நடுவில் முட்டைக்கூடையை வைத்துக்கொண்டு இப்படிப் பேசியபடி போனார்கள். தேவாலயத் துறையை அடைவதற்குள் கூடையில் ஓடுகள் விரிந்து, ஈரக்குஞ்சுகள் இருவர் மடியிலும் ஏறின. மற்ற வள்ளங்களிலும் அதே கதைதான். யார் எல்லைக்கல்லை நகர்த்தியது, யார் மாமியாரை முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொன்னது என்று பேச்சு வந்த இடங்களில் எல்லாம் முட்டை பொரிந்தது. ஊரில் இவ்வளவு சூடு இருந்தும் ஒரு பெண்ணை மட்டும் இத்தனை மாதம் நம்பியிருந்தோமே என்று பலரும் வெட்கப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு நெடுந்துருத்தியில் யாரும் இன்குபேட்டர் வாங்கவில்லை. பாகப்பிரிவினை வீட்டுக் குஞ்சு நன்றாக முட்டையிடும் என்றும், மாமியார் மருமகள் வீட்டுக் குஞ்சு சீக்கிரம் கொழுக்கும் என்றும் சந்தையில் பார்த்து வாங்குகிறார்கள். கட்சி அலுவலகத்துக் குஞ்சு தண்ணீரில் இறங்கியதும் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். மற்றபடி குறை சொல்ல முடியாது. குருவிளாவும் ஏலிக்குட்டியும் வருஷாவருஷம் குஞ்சுகளை வெளியில்தான் வாங்குகிறார்கள், சொந்தமாகப் பொரிக்க அவர்களுக்கு வழியில்லை. மேடமாசச் சித்திரை வெயிலில்கூட அந்த வீட்டில் குளிருக்குப் போர்வை இல்லாமல் தூங்க முடிவதில்லை என்று, அங்கே விருந்துக்குப் போய்த் தங்கியவர்கள் சொல்கிறார்கள்.